ஏழு நிமிடம்

கோத்தகிரியில் சித்திரையிலும் விரல் விறைக்கும்.
இரவு ஷிப்டில், ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து
வெந்நீர் தேடிப் போனேன்.
திரை திறந்தபடி இருந்தது.

அவ்வளவுதான் நான் செய்தது.

திரையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்திரித் துண்டு,
அதில் நீல மையில் எங்கள் பாஸ்வேர்ட்:
ஆஸ்பத்திரியின் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று.
மூன்று ஷிப்டுக்கும் ஒரே சாவி.
யார் எதைத் திறந்தாலும்
லேப்-2 என்றுதான் பதிவாகும்.
லேப்-2க்கு முகம் கிடையாது.

விடிந்து முதல் பஸ் வருவதற்குள்
கட்டபெட்டு டீக்கடையில்
லாரி ஓட்டும் இருதயநாதனின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று
பேசிக்கொண்டிருந்தார்கள்.
அவருக்கே நாங்கள் இன்னும் சொல்லவில்லை.
பதினோரு மணிக்குத்தான் ஆலோசகர் வருவார்,
கதவைச் சாத்தி, நாற்காலியைக் கிட்டே இழுத்து,
மருந்து இருக்கு, பயப்படாதீங்க என்று சொல்ல.

பதினோரு மணிக்கு நாற்காலி இருந்தது.
இருதயநாதன் வரவில்லை.
அடுத்த வாரமும் வரவில்லை.

விசாரித்தார்கள்.
லேப்-2 என்றது கம்ப்யூட்டர்.
நானும்தான் லேப்-2.

எங்கள் லைனுக்குக் கரடி வரும்.
கதவை உடைத்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.
உண்மையில் அது முதலில் தள்ளித்தான் பார்க்கும்.
சமையல்கட்டுத் தாழ்ப்பாளை
இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.
உள்ளே இருப்பது
அரை லிட்டர் நல்லெண்ணெய்.

பிளாஸ்திரியை நான்தான் பிய்த்தேன்.
பசை போகவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தேன்,
ஊசி போடும் முன் தோலைத் தேய்ப்பதுபோல.
குன்னூரிலிருந்து போஜன் வந்து
ஆளுக்கொரு கணக்குத் திறந்து கொடுத்தான்.
"கையுறையோட பதினாறு எழுத்தா?" என்று
சிஸ்டர் ஜெசிந்தா ஒரு மாதம் திட்டினாள்.
என்னுடையது நான்கு சொற்கள்,
ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.
சொல்ல மாட்டேன்.
ஜெசிந்தாவும் கேட்டுப் பார்த்தாள், அவசரம் என்று.
அவசரத்தில்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

வீட்டிலும் அப்படித்தான் வந்தது ஒரு செய்தி:
பில் கட்டவில்லை, இரவு ஒன்பதரைக்கு
மின்சாரம் துண்டிக்கப்படும், இதைத் தொடவும்.
அப்போது மணி எட்டு. மழை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் அதைப் படித்தோம்.
"இல்லாத கரண்டை எப்படிப் பிடுங்குவான்?" என்று
என் வீட்டுக்காரர் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே கட்டைவிரலை
அந்த நீலக் கோட்டின் மேல் கொண்டுபோனார்.
போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.
காலையில் பழைய அட்டையில் அச்சடித்திருந்த நம்பரைப் போட்டு
ஆபீசையே கேட்டோம்.
பாக்கி எதுவும் இல்லை.

இப்போது நாற்காலியிலிருந்து எழும்போதே
என் விரல் இரண்டு பொத்தான்களை அழுத்திவிடுகிறது.
திரை கறுக்கும். பிறகுதான் கால் நகரும்.
அடுப்படியிலிருந்து எழும்போதுகூடச் சில நாள்
விரல்கள் வெறும் காற்றை அழுத்துகின்றன.
அந்த இரவு நான் போன தூரத்தை
ஒருநாள் கடிகாரம் வைத்து நடந்து பார்த்தேன்.
போக வர ஏழு நிமிடம்.
வெந்நீர் கொதிக்கும் நேரமும் சேர்த்து.

சென்ற வாரம் பஸ்ஸில்
பக்கத்தில் உட்கார்ந்த பெண் சொன்னாள்:
இருதயநாதன் மேட்டுப்பாளையத்தில்
மாதாமாதம் மருந்து வாங்குகிறாராம்,
உடம்பு தேறிவிட்டதாம்,
திரும்பவும் லாரி ஓட்டுகிறாராம்.

ஜன்னலைத் திறந்து முகத்தைக் காற்றில் வைத்தேன்.
எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் கேட்கத் தோன்றியது,
இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று.