மூன்றாம் குளி

ஜமாஅத் கடிதம் அஸருக்குப் பிறகு வந்தது.
கொண்டுவந்த மாகீன் காக்கா
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
சபூறாவின் வாப்பாவோடு பந்து விளையாடி
முன்பல் போனவர் அவர்.
வாசிக்கும்போது
அசனார்கண்ணு என்ற இடத்தில் தொண்டை அடைத்து
"சாயா ஒண்ணும் வேண்டாம் பிள்ளே" என்றார்.
நான் கேட்கவேயில்லை.

மார்க்கத்தை விட்டவனோடு நிக்காஹ் நில்லாது.
இத்தா முடியுமுன் திரும்பி வந்தால் நிற்கும்.
மூன்று விலக்கு, மூன்று குளி.
அதுவரை கதவைச் சாத்திவிட மாட்டோம் என்றார்.
அவர்கள் கையில் இருந்த இரக்கம்
அவ்வளவுதான்.
கொண்டுவந்து தந்துவிட்டார்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
ஐஸ் உடைக்கிற வேலை அவருக்கு.
பாரம் சரிந்து கால் நசுங்கி
ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளில்
ஒரு ராத்திரி
யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொன்னார்.
கட்டிய நாள்முதல்
நான் வாயெடுத்துச் சொல்லாத பெயர்.
கூப்பிட்டவருக்காக
முதல் வேலையாய் அதைத்தான் மாற்றினார்.
இப்போது எபனேசர்.

மதரசாவில் பிள்ளைகள் கேட்டார்களாம்
உன் வாப்பாவுக்கு இப்போ என்ன பேரு என்று.
"வாப்பா" என்று சொல்லிவிட்டு
சபூறா சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

புதுக்கடை போகிற வழியில் ஜெபக்கூடம்.
தகரக் கூரை, நாலு திசைக்கும் ஒலிபெருக்கி.
ஞாயிற்றுக்கிழமை மரச்சீனி வாங்கப் போனவள்
குரல் கேட்டு நின்றுவிட்டேன்.
"நான் இருளில் இருந்தேன்" என்கிறார்.
கூட்டம் அல்லேலூயா என்கிறது.

இருள்.
ஒன்பது வருஷம் அந்த இருளில்தான்
சாளைக்கு முள் எடுத்து வைத்தேன்.
பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தபோது
நெற்றியில் ஓதி ஊதினதும்
அந்த இருளில், அதே வாயால்.
மரச்சீனிக்காரி என் கையைப் பிடித்து
மீதிச் சில்லறையைத் திணித்து மூடினாள்.

இரண்டாம் குளி கழிந்து ஒன்பதாம் நாள்
பொழிமுகத்துப் பக்கம் காத்து நின்றார்.
நொண்டல் இன்னும் போகவில்லை.
கையில் ஒரு துண்டு நெய்மீன், கொஞ்சம் பணம்.
கூடத்தில் இவரையும் கேட்கிறார்களாம்
ஏன் இன்னும் அங்கே போகிறாய் என்று.
கருங்கலில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்களாம்.
"நீயும் வந்துரு" என்றார்.
"நீங்க வந்துருங்க" என்றேன்.
ஒரே சொல்தான்.
மீனை மட்டும் வாங்கிக்கொண்டேன்.
என் தொழுகையை விட்டு
என்னால் எங்கேயும் போக முடியாது,
அது அவருக்குத் தெரியும்.
அவர் கேட்ட குரல் பொய்யில்லை,
அது எனக்கும் தெரியும்.
தெரிந்து என்ன.

மூன்றாவது, சுபுஹுக்கு முன்னால் வந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
துணியை ராத்திரியில் அலசி
கட்டிலுக்கு அடியில் காயவைத்தேன்.
ஐந்து நேரமும் முஸல்லாவை விரித்து
குனிந்தேன், நிமிர்ந்தேன்,
உதட்டை மட்டும் அசைக்கவில்லை.
என் நாயனே, அது தொழுகை இல்லை,
உனக்குத் தெரியாததா.
உம்மா நாளை விரல்மடக்கி எண்ணினாள்,
"இன்னும் ஆகல்லியா" என்றாள்.
இல்லை என்றேன்.
அவள் பார்வை
என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கிற்று.

ஆறு நாளில் நின்றுவிட்டது.
குளித்தால் கணக்குத் தீரும்.
குளிக்காமல் தொழ முடியாது.
மாகீன் காக்கா நேற்று தெருவில் பார்த்து
எதுவும் கேட்காமல்
தலையைக் குனிந்து போனார்.

குளிமறையில் வாளி நிறைந்து கிடக்கிறது.
பாங்கு சொல்லி முடிந்தும் ஆயிற்று.
துறைமுகத்துக்கு ஐஸ் லாரி போகிறது,
தண்ணீர் கொஞ்சம் நடுங்குகிறது.
கையில் கோப்பையோடு
நின்றுகொண்டிருக்கிறேன்.