இரண்டு நொடி

வெண்ணீர்ப் பந்தயம் என்று எழுதிக் கொடுத்தோம்.
வெந்நீர்ப் பந்தயம் என்று அனுமதி வந்தது.
தட்டச்சு செய்தவர் அறியாமல் உண்மை சொல்லிவிட்டார்,
அனல்மின் நிலையம் இங்கே கொட்டுவது அதைத்தான்.
இரண்டெழுத்தைத் திருத்த
மூன்று பஸ் மாறிப் போய் வந்தான் டில்லிபாபு.

மலை இல்லாத ஊர்.
பாறை என்று இருப்பதெல்லாம்
கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல்.
ஆனாலும் எண்ணூர் முகத்துவாரத்தில்,
அமாவாசை வத்தத்தில்,
கழிவெளி மொத்தமும் கடலுக்குத் திரும்பும்போது
இடிந்த பாலத்தின் தூண்களுக்கிடையே
தண்ணீர் தோளை இடித்துக்கொண்டு ஓடும்
ஷிப்ட் விட்டதும் கேட்டைத் தாண்டுகிற கூட்டம் மாதிரி.
இரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.
அப்புறம் ஆறு
கழுவாமல் வைத்த தட்டு.

பதினாறு வாயில், முப்பத்திரண்டு குழாய்.
பச்சை, ஓட்டத்தோடு போக.
சிவப்பு, ஓட்டத்தை எதிர்த்து ஏற.
குழாய் மேலே பட்டால் இரண்டு நொடி தண்டம்,
வாயிலை விட்டால் ஐம்பது.
வெள்ளிக்கிழமை ராத்திரி
ஹாஸ்டல் மொட்டைமாடியில் எனாமல் பூசினோம்.
கடல்காற்றில் அது காய்வேனா என்றது.

பெங்களூர் அணி மூக்கைச் சுளித்தது.
நுரை ஏன் இந்த நிறம், என்றாள் ஒருத்தி.
லைட்டு போட்டா எரியணும்ல, என்றாள் யுவஸ்ரீ.
அவர்களிடம் புதுப் படகு எட்டு.
எங்களிடம் நான்கு,
அதில் ஒன்று பாதி படகு, பாதி எம்-சீல்.

சனிக்கிழமை அந்தப் பாதிப் படகில்
நான் இரண்டு முறை கவிழ்ந்தேன்.
அதனால் ஞாயிற்றுக்கிழமை நடுவர்.
ஒன்பதாம் வாயில். சிவப்பு.
தூணில் கட்டிய பலகை, அட்டை,
நூலில் தொங்கும் பென்சில்.

ஜெனோவா வந்தாள்.
மாமாவின் விசைப்படகில் காலை வைக்கவிடாத பெண்,
படகை இடுப்பில் உடுத்திக்கொண்டு வந்தாள்.
வாயிலைத் தாண்டிப் போய்
தூணின் முதுகில், தண்ணீர் மூச்சு வாங்கும் இடத்தில்
துடுப்பை ஊன்றினாள்.
படகு அதைச் சுற்றித் திரும்பியது.
எதிரே ஏறினாள்,
ஒரு குத்து, இன்னொரு குத்து

மேலே மீஞ்சூர் யூனிட் வண்டி.
பக்கத்துப் பாலம் முழுக்க அதிர்ந்தது.
குழாய் அசைந்தது.

ரயிலா, தோளா?
நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்க்க வேண்டியது குழாயை.

சந்தேகம் வந்தால் துடுப்பு போடுகிறவருக்கே, என்பது விதி.
சந்தேகம் வந்ததா, வரவழைத்தேனா,
அதற்கு விதியில் இடமில்லை.
சைபர் போட்டேன்.
வட்டம் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

மூன்றாம் இடம்.
ஒன்று புள்ளி நான்கு நொடி முன்னால்.
நான்காவதாக வந்தவள் நுரையின் நிறம் கேட்டவளே.
ஓடி வந்து ஜெனோவாவைக் கட்டிக்கொண்டாள்,
மூக்கைச் சுளிக்காமல்.

பன்னீர் சோடாக்கள் உடைந்தன.
அப்போதுதான் பார்த்தேன்,
லைப் ஜாக்கெட்டின் வலது தோளில்
விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.
என் உள்ளங்கையைப் பார்த்தேன்.
அங்கேயும் சிவப்பு.
காலையில் குழாய்களைக் கட்டிவிட்டு வந்து
போய்ட்டு வா என்று
அந்தத் தோளில் தட்டியது இந்தக் கை.

ஒன்பதுல என்ன போட்டே, என்றாள்.
சைபர்.
ம், என்றாள்.
சோடாவை முடித்துவிட்டுப் படகைத் தூக்கப் போனாள்.

ஏத்தம் ஏறுமுன் குழாய்களை அவிழ்த்தோம்.
ஒன்பதாவதைத் தேடினேன்.
எல்லாச் சிவப்பிலும் யாரோ பட்ட தடம்,
பாதி எங்கள் விரல்கள்.
முப்பத்திரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி
மீன்பாடி வண்டியில் ஏற்றினோம்.
கயிறு சரியாக இறுகவில்லை.
கத்திவாக்கம் ரோட்டின் பள்ளங்களில்
குழாய்மேல் குழாய் தட்டிக்கொண்டே வந்தது.
பின்னால் நடந்தபடி
எண்ண ஆரம்பித்துவிட்டேன்.