நாற்பத்தோராம் நிமிடம்

மாதையன் கார் டிக்கியில்
ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கும் அந்த மெஷின்.
டிபன் கேரியர் அளவுகூட இல்லை.
பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில்
கிரேட் அடுக்குக்குப் பின்னால் பாய் விரித்து
வயிற்றில் பசை தடவிப் பார்த்திருக்கிறான்.

"பையன்னா டீ கேப்பேன் சார்.
பொண்ணுன்னா அந்த ஊட்ல
பச்சத் தண்ணி தொட மாட்டேன்.
அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

அதற்கடுத்து ஒரு சிரிப்பு.
தட்டச்சு செய்கையில் மூன்று முறை
திருப்பிக் கேட்டேன்.
அவனுடையது புகையிலைக் கரகரப்பு.
இது வேறு.
என் மனைவிக்குக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

பதினோரு மாதப் பழக்கம்.
தொப்பூர் கணவாயில் என் வண்டி நின்றுபோனபோது
நடுராத்திரி டீசலோடு வந்தவன் அவன்தான்.
மகளின் காதுகுத்துக்கு
ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வைத்தான்.
வாங்கிக்கொண்டேன்.
வீட்டில் எந்த அறையில் இருக்கிறாள் என்று
இப்போதும் அதை வைத்துத்தான் தெரிகிறது.

கோகிலா செத்த இருபதாம் நாள்
காரிமங்கலம் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன்.
அவன் சேலம் சிறையில் இருந்தான்.
"நீங்க அந்தாளுக்கு என்ன வேணும்?"
என்றார் அவள் அப்பா.
எழுதுகிறேன் என்றேன். புத்தகம் என்றேன்.
கேட்டதற்கு அது பதில் இல்லை.

உள்ளேயிருந்து டீ வந்தது.
அவன் தண்ணீர்கூடத் தொடாமல் போன வீடு.
ரெக்கார்டரைத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள்.

போதும் என்றேன்.