பல்லி விழும் பலன்

வெளியே முப்பத்தைந்து டிகிரி.
இன்குபேட்டருக்குள்ளும் அதே.
டார்வினில் நவம்பர் வந்துவிட்டால்
கதவு ஒன்றுதான் வித்தியாசம்.

நேற்று மாலை வந்த டப்பா:
ஐந்து மாதம், ஆண், மாலக் பகுதி,
மூன்று நாளாய் ரத்தம் கலந்த பேதி.
பெயரும் இருந்தது. நான் எண்ணைத்தான் படிப்பேன்.

கம்பி வளையத்தில் ஒரு துளி எடுத்து
தட்டின் ஓரத்தில் தேய்த்து
அங்கிருந்து ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து இன்னொன்று.
கோலத்துக்கு நேர்மாறு இது.
புள்ளிகள் பிறகு வரும்,
தாமாகவே.

மக்கான்கி தட்டில்
பித்த உப்பும் ஊதாச் சாயமும் கலந்த களி.
பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.
உள்ளே வந்தவர்களில்
பால்சர்க்கரை தின்றவன் சிவந்து
தன்னைத்தானே காட்டிக்கொடுப்பான்.
தின்னாதவன் நிறமில்லாமல் உட்கார்ந்திருப்பான்.
எனக்கு வேண்டியவன் அவன்.

"நம்ம விசா படிவம் மாதிரி" என்றாள் மரிசெல்,
என் முதல் இரவுப் பணியில்.
அன்று சிரித்தேன்.
படிவம் தேடுவது நல்லவனை,
தட்டு தேடுவது கெட்டவனை
என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

காலை ஏழு பத்து.
இரண்டாவது தட்டு, எக்ஸ்.எல்.டி., நன்னாரி சர்பத் சிவப்பு.
மூடியைத் திறக்காமல் விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஒரு பக்கம் மஞ்சள் கூட்டம்,
எல்லார் வயிற்றிலும் குடியிருக்கும் ஈ.கோலை.
சற்றுத் தள்ளி பத்துப் பன்னிரண்டு
சிவப்பு வட்டங்கள்,
ஒவ்வொன்றின் நடுவிலும்
மை வைத்தாற்போல் கருப்பு.

திருஷ்டிப் பொட்டு என்று தோன்றியது.
தோன்றியதை எழுதப் பதிவேட்டில் கட்டமில்லை.
"சால்மொனெல்லா எனச் சந்தேகம்" என்று எழுதினேன்.

பிறகு சாய்வுக் குழாய், யூரியா, சீரம்.
கண்ணாடித் துண்டின் மேல்
பால் திரிவதுபோல் திரிந்தது.
வார்டுக்கு போன் போட்டேன்.
"டிரிப் ஏறுது, இப்பதான் தூங்கினான்" என்றார் டாக்டர் ஹலோரன்,
ஆங்கிலத்தில்தான்,
எனக்குத் தமிழில் கேட்டது.
தூங்கினான்.
அதுவரை நான் அவன் இவன் என்றதெல்லாம்
கிருமியைத்தான்.

சுகாதார அதிகாரி போய்ப் பார்த்த குறிப்பு
அடுத்த வாரம் வந்தது:
ஜன்னலோரம் கவிழ்த்துவைத்த பால்புட்டிகள்,
திரைக்கம்பியில் பல்லிகள், தட்டில் எச்சம்.
காரணமாக இருக்கலாம். உறுதியில்லை.

எங்கள் சமையலறையில் ஒரு பஞ்சாங்கக் காலண்டர்.
பின்பக்கம் பல்லி விழும் பலன்.
தலையில் விழுந்தால் கலகம்.
வயிற்றில் விழுந்தால் தானிய லாபம்.
முழங்கால், மணிக்கட்டு, புருவம் வரை போட்டிருக்கிறார்கள்.
புட்டியின் ரப்பர் முனை
பட்டியலில் இல்லை.

"அந்தப் பையன் என்ன ஆனான்?" என்றார் இளம்பரிதி,
தோசையைத் திருப்பிக்கொண்டே.
"வீட்டுக்குப் போயிட்டானாம்."
சுவரில் ஒரு இச்சு.
"பார், பல்லியே சொல்லிடுச்சு!"

சொல்லட்டும்.
நான் எழுந்து
அதற்கு நேர்கீழே மேடையை
பிளீச் போட்டுத் துடைத்தேன்,
இரண்டு முறை.