தரவரிசை: ஒன்றில் ஒன்று

வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறது படிவம்.
ஒன்று என்று போட்டேன்.
அதில் உன் இடம்?
ஒன்று.
கடைசி இடமும் நான்தான்,
அதற்குக் கட்டம் இல்லை.

பள்ளியின் பெயர்?
அம்மா அடுப்பில் கட்டையைச் செருகிக்கொண்டே
"ஊலெட் வீடுன்னு போடு" என்றாள்.
சிரிப்பார்கள் என்றேன்.
கடைசியில் பின்னால் ஓடும் ஆற்றிடம் பெயரை இரவல் வாங்கினோம்:
செயின்ட் ஜான் கரைப் பள்ளி, வடக்கு மெயின்.
ஆசிரியர்கள் இரண்டு பேர், அப்பாவையும் சேர்த்து.
பேருந்து இல்லை.
மதிய உணவு உண்டு, நான் சமைத்தால்.

நாலு வருடத்தை
ஒரே பக்கத்தில் அடக்க வேண்டுமாம்.
வேதியியல், ஆய்வகத்துடன்.
மார்ச் கடைசியில் நாற்பது வாளி மேப்பிள் சாறு காய்ச்சினால்
ஒரு வாளி பாகு.
எந்தச் சூட்டில் சாறு பாகாகிறது என்று
நான் எழுதிவைத்த நோட்டு இருக்கிறது,
பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
வடிவியல்:
அப்பாவின் லாரியில் ஏறும் ஸ்ப்ரூஸ் மரங்களின் கன அளவு.
ஒருமுறை நான் தப்பாகக் கணக்குப் போட்டு
எடைச் சாவடியில் அவர் அபராதம் கட்டினார்.
அந்தப் பாடத்துக்கு அம்மா பி போட்டாள்.
"ஏ போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"
"எடைச் சாவடிக்குத் தெரியும்."

இந்த மாணவி எப்போதாவது இடைநீக்கம் செய்யப்பட்டாரா?
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.
அது ஒரு பிப்ரவரி. அல்ஜீப்ரா.
நான் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன்.
வெளியே போ என்றாள்.
நானும் நிஜமாகவே போய்
கோழிக்கூட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இல்லை, என்று எழுதினாள்.
"கோழிக்கூடு பள்ளி வளாகத்துக்குள்ளதானே இருக்கு."

ஆலோசகருக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும்,
வீட்டு முகவரி செல்லாது.
கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் புதிதாக ஒன்று திறந்தாள்.
ரெனே திபடோ.
அந்தப் பெயருக்கு உடனே ஒரு கடிதம் வந்தது:
மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,
தங்கள் மாணவி ஓடெட்...
இரண்டு தடவை படித்தாள்.
ரெனே திபடோவும் ஒரு காலத்தில்
எங்கேயோ விண்ணப்பித்திருந்தாளாம்,
இன்றுதான் சொல்கிறாள்.
என்ன பதில் வந்தது என்று கேட்டேன்.
அடுப்பு புகையுது என்று எழுந்து போனாள்.
அடுப்பு புகையவில்லை.

அப்புறம் ஒரு சின்னக் கட்டம்.
என்னைப் பற்றி எழுதப்படும் கடிதத்தைப்
பார்க்கும் உரிமையை
நான் விட்டுக்கொடுக்கிறேன்.
டிக் அடித்தேன்.

இந்த வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் தாழ்ப்பாள்.
அவள் சிவப்புப் பென்சில் படாமல்
என் கையிலிருந்து ஒரு வாக்கியமும் வெளியே போனதில்லை.
இன்று அவள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு
விதைக் கிழங்கு அடுக்கிய அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
"அம்மாவுக்குப் பரீட்சையா?" என்று கேட்கிறான் எமில்.
சத்தம் போடாதே என்றேன்.

பனி தள்ளும் வண்டி
சாலைக் கோடி வரை போனது,
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு திரும்பியும் வந்தது.
கதவுக்குப் பின்னாலிருந்து குரல்:
"ஓடெட், பிடிவாதத்துக்கு வேற நல்ல வார்த்தை இருக்கா?"
"மன உறுதி."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"ம்ஹூம்," என்றாள். "அது நீ இல்ல."

பிறகு தட்டத் தொடங்கினாள்,
ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக.
எண்ணக்கூடாது என்று நினைத்தபடியே எண்ணினேன்.
ஒரு சொல்லைத் தாண்டி
ஒரு வரியையும் தாண்டி
போய்க்கொண்டே இருந்தது.