மூன்றாவது சொல்

மீனாட்சிபுரம் பால் நிலையம், இரவு இரண்டேகால்.
எடைமேடையில் ஒரு டேங்கர் ஏறி நின்று மூச்சு விடுகிறது.
ஷிஜிமோள் கொழுப்பளவைத் தட்டுகிறாள்: நான்கு புள்ளி ஒன்று.
அந்த நான்கு புள்ளி ஒன்று
சுவருக்கு இந்தப் பக்கம் வந்து
வட்டில் படிந்தும் விட்டது.
எந்த வழியாக வந்தது என்று
அவள் கேட்கவில்லை. பாலும் கேட்கவில்லை.

கேட்பதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்,
மாதம் இருமுறை, ஒப்பந்தப்படி.
குளிருக்கு மப்ளரை இறுக்கிக்கொண்டு தட்டினேன்:
மல்டிபாத், ஒரு சிறுகோடு, இரண்டு எல்.
நான்கு வரி வரவேண்டும். நான்கும் வந்தன.
மேல் இரண்டும்
ஆக்டிவ், ரெடி, ரன்னிங்.
கீழ் இரண்டும்
ஃபெயில்டு, ஃபால்ட்டி, ரன்னிங்.

அந்த மூன்றாவது சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
போய்விட்டது என்கிறாய், பழுது என்கிறாய்,
அப்புறம் என்ன ஓடுகிறது?
கெர்னலுக்கு அது வேறு கணக்கு, எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் கேட்டேன்,
அந்த அறையில் வேறு பேச ஆளில்லை.

லாக்கைப் பின்னோக்கி உருட்ட, பத்தொன்பது நாள்.
பத்தொன்பது நாளாகப் பதினோரு கிராமத்துப் பால்
ஒற்றைக் கேபிளில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது.
ஒரு துளி சிந்தவில்லை.
அதனால் யாருக்கும் தெரியவில்லை.
எச்சரிக்கை மெயில் மட்டும் நாள் தவறாமல் போயிருக்கிறது,
தை மாதமே மஸ்கட் போய்விட்ட
சிவசங்கரனின் சொந்த முகவரிக்கு.

ரேக்கின் பின்னால் டார்ச் அடித்தேன்.
புது ஏசியின் செம்புக் குழாய்
ஆரஞ்சு இழையை முழங்கையால் இடித்தபடி.
மாட்டியவர் போகும்போது
பால் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வெளியே டிரைவர் மயில்ராஜ் சொல்வது கேட்டது:
“கோபாலபுரம் ரோட்டுல லாரி கவுந்து கெடக்கு,
நான் சுத்திக்கிட்டு வர்றேன்.”
ஷிஜிமோள் தலை நிமிராமல்,
“எத்தியல்லோ, அது மதி.”

பையிலிருந்த கேபிளை மாற்றினேன்.
பச்சை விளக்கு கண் திறந்தது.
கீழ் வரிகள் இரண்டும் ஒவ்வொன்றாக
மேல் வரிகளின் சொற்களைச் சொல்லத் தொடங்கின.
சொல்வதை வைத்து எப்படி நம்புவது?
நல்லதைப் பிடுங்கினால்தான்
புதியதின் குணம் தெரியும்.

“அடுத்த வண்டி அளவைத் தட்டுங்க” என்று குரல் கொடுத்துவிட்டு
பத்தொன்பது நாளாகச் சுமந்த கேபிளை
இரண்டு விரலால் அழுத்தி உருவினேன்.

திரை உறைந்தது.
ஒன்று. இரண்டு.
கையில் இழை, சூடுகூட இல்லாமல்.
நான்கு. ஐந்து.
“சேட்டா, இது கறங்குந்நு” என்கிறாள்.
ஏழு.
“ஆ, போயி.”

உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.
உருவியதை மீண்டும் செருகினேன்.
வழி மீண்ட செய்தி தானாகவே மஸ்கட்டுக்குப் போனது.
சிவசங்கரனின் முகவரியை நீக்கப் போகும்போது
பதில் வந்தது, அவருக்கும் நடு இரவு:

“நல்லதுங்க. தெனமும் வருது, அழிக்க மனசு வரல.
மானேஜருக்கு ரெண்டு தடவ போன் போட்டேன்.
பால் ஓடுதில்ல, அப்புறம் என்னன்னார்.
புது ஏசி நல்லாக் குளிருதா?”

குளிருது என்று எழுதினேன்.
அவர் முகவரியை அப்படியே விட்டு
அதன் கீழே என்னுடையதைச் சேர்த்தேன்.
மயில்ராஜ் வண்டியை எடுத்தார்.
எந்த ரோடு என்று கேட்க வாய் வந்தது.
அதற்குள் திரும்பிவிட்டார்.