மாதக் கணக்கு

வெல்லாவெளி வீதி, இரவு ஒன்பதேகால்.
தார் இன்னும் சூடாயிருக்கும் என்று
மாடுகளுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும். ஆறு வருசமாய்
அதே வீதி, அதே மாடுகள்.
அன்றைக்குப் படுத்திருந்தது கறுத்த மாடு.

அது எழும்பி நடந்து போனதாம்.
நான் கிறவலில் கிடந்தேன்
கால் எந்தப் பக்கம் கிடக்கிறதென்று தெரியாமல்.
பையிலிருந்து பறந்த தொங்கு தராசு
வேலிக் கம்பியில் மாட்டி
வெறுமையை நிறுத்துக்கொண்டிருந்ததாம்.
இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்
முதுகுக்குள் இரண்டு கம்பி, ஆறு ஆணி.
இரண்டு மணிக்கொருக்கால்
நாலு பேர் சீலையோடு தூக்கிப் புரட்டுவார்கள்.
"மிஸிக்கு எந்த ஊர்?"
மண்டூர்.
"படுவான்கரையா? படுத்தது காணும்,
எழுவான்கரைக்கு வந்தாச்சு, எழும்புங்க."
பகிடி நல்லதுதான். நான் சிரிக்கவில்லை.
மூன்றாம் நாள் நடுச்சாமம் தனியே சிரித்தேன்.
சிரிப்பு தொப்புளோடு நின்றுவிட்டது.

வீடு வீடாய்ச் சொல்லித் திரிந்தவள் நான்:
மூன்றில் தலை நிற்கும்,
ஐந்தில் புரளும், எட்டில் தானாய் இருக்கும்,
பிந்தினால் பயப்படாதீங்க,
ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காலம்.
டொக்டர் என் பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு
அதே வசனத்தைச் சொன்னார்.
அதைக் கேட்டுத் தலையாட்டிய தாய்மார்
என்னை எவ்வளவு வெறுத்திருப்பார்கள்.

மாட்டுக்காரர் வந்தார், இரண்டு சட்டி தயிரோடு.
கட்டிலடியில் வைத்துவிட்டு
"மாட்டுக்கு ஒண்டுமில்ல" என்றார்,
நான் அதைக் கேட்கத்தான் காத்திருந்ததுபோல.
வாட்டு முழுக்கத் தயிர் தின்றது.

மூத்திரம் குழாயின் பொறுப்பு.
பிறகு என் பொறுப்பு:
கண்ணாடி, கையுறை, நாலு மணிக்கொருக்கால்.
எத்தனை பேருக்கு இதைச் செய்திருப்பேன்,
"இதுக்கென்ன கூச்சம்" என்று அதட்டி.
கூச்சம்தான்.

பஸ்மியா, பிசியோ, ஏறாவூர்க்காரி.
என் வலது பெருவிரலையே பார்த்திருப்பாள்
தூண்டில் போட்டவள்போல.
ஒரு வியாழக்கிழமை "இழுத்திச்சு" என்றாள்.
நான் காணவில்லை.
இன்னொருக்கா, இன்னொருக்கா என்று
முழு உடம்பாலும் கெஞ்சினேன்.
வரவில்லை. திங்கட்கிழமை,
யாரும் கேட்காத நேரத்தில் வந்தது.

வீட்டுக்குப் போக, குருமண்வெளியில் பாதை ஏறினோம்.
நாற்காலி உருளாமல் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள்.
சதாகரன் என் செருப்பைக் கையில் வைத்திருந்தான்.
மோட்டார் சைக்கிளைப் பற்றி அவன் ஒரு சொல் பேசியதில்லை.
லீசிங்காரன் பேசுவான், மாதாமாதம் ஐந்தாம் திகதி.
வாவித் தண்ணீர் கணுக்காலில் தெறித்தது.
தெறித்தது தெரிந்தது.
குளிர் தெரியவில்லை.
பரவாயில்லை என்று நினைத்தேன்,
பிறகு அக்கரை வரும்வரை அழுதேன்.

இன்றைக்குக் கோகுலவாணி வந்தாள்.
அன்றிரவு, தொப்புள் கசிகிறதென்று
அவள் புருசன் கூப்பிட்டுத்தான் போயிருந்தேன்.
கசிவு ஒன்றுமில்லை, சும்மா பயம்.
"நாங்க கூப்பிடாட்டி" என்று தொடங்கினாள்.
பிள்ளையின் எடையைக் கேட்டேன்.
எட்டு கிலோ அறுநூறு.
வளைகோடு பச்சைக்குள் இருக்கிறது, நல்லது.

அவனுக்கும் எனக்கும் ஒரே கணக்கு, பத்து மாதம்.
நான் முந்தநாள் இரட்டைக் கம்பிக்கு நடுவில்
பதினொரு செக்கன் நின்றேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

பிள்ளை பாயிலிருந்து தவண்டு வந்தான்.
என் சக்கரத்தின் கம்பிகளுக்குள் விரலை விட்டான்,
எச்சில் வழிய என்னைப் பார்த்தான்,
பிடித்தான், பிட்டம் ஆட, முழங்கால் ஆட
எழும்பத் தொடங்கினான்.
"கவனம் மிஸி, உருண்டிரும்" என்று தாய் ஓடி வந்தாள்.

நான் பிரேக்கை இறுக்கிப் போட்டேன்.